தடிமன் ஒண்ணு

என் அண்ணன் உமைரும் என் வீட்டுக்காரர் நிஷாத்தும் கூனிமேட்டில், ஈசிஆர் ஓரத்தில், ஒரே மரப்பட்டறையில் வேலை செய்கிறவர்கள். இந்தக் கோடை முழுக்க ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. பேச வேண்டியதை என்னிடம் சொல்வார்கள். நான் தலையைத் திருப்பி அதையே இன்னொரு தடவை சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். மீசை முளைத்த ஆண்கள் இப்படி நடந்துகொள்வதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சண்டை ஆரம்பித்தது பேண்ட்ஸா வாங்கப் போன இடத்தில். இரண்டு சக்கரத்தின் மேல் பெல்ட் மாதிரி ரம்பம் ஓடுமே, அந்த மிஷின். மரக்காணம் அமுதவல்லி டீச்சருக்காகத்தான் அதை வாங்க வேண்டியிருந்தது. ரோடு அகலப்படுத்தியபோது, உப்பளத்தைப் பார்த்த அவர் வீட்டில் பாதி போய்விட்டது. வாசலில் நின்ற பூவரசும் போய்விட்டது. அடிமரத்தை மட்டும் மீட்டு எங்களிடம் கொண்டுவந்தார்.

"வானூர்ல கட்டற வீட்ல அலமாரிக் கதவு எல்லாத்துலயும் இது தெரியணும் ஜரீனா. எங்கிட்ட இருக்கறது இந்த ஒரு துண்டுதான்" என்றார். தெரியும் டீச்சர் என்று வாக்குக் கொடுத்தது நான். பலகையாக அறுத்தால் இரண்டு கதவுக்குக்கூடக் காணாது. மெல்லிசாக, தாள் தாளாக வினீர் அறுத்து பிளைவுட் மேல் ஒட்டினால்தான் எல்லாக் கதவுக்கும் வரும்.

புதுச்சேரியில் மிஷின் கடைக்கு மூன்று பேருமாகப் போனோம். அண்ணன் நேராக ஒரு சின்ன மிஷினிடம் போய், நெருக்கமாகப் பல் வைத்த ஒல்லி பிளேடை எடுத்துக்கொண்டது. "பல்லு நெருக்கமா இருந்தாத்தான் வழவழன்னு அறுக்கும். இதுகூடத் தெரியாதா?"

இவர், என் வீட்டுக்காரர், பத்து வருஷம் ஷார்ஜாவில் இருந்து வந்தவர். விடுவாரா? "பத்து இஞ்சு ஆழத்துல தூளு எங்க மச்சான் போவும்? பல்லுக்கு நடுவுல எடம் இல்லாட்டி பிளேடு சூடாயி கோணிக்கினு போவும். இஞ்சுக்கு மூணு பல்லு போதும். பிளேடு ஒரு இஞ்சு அகலம், கார்பைடு பல்லு. அத இழுத்துக் கட்டணும்னா மிஷினு சட்டம் கனமா இருக்கணும். இந்தச் சின்னதுல கட்டினா சட்டமே வளைஞ்சிடும்."

சொன்னதெல்லாம் சரி. சொன்ன தோரணைக்குத்தான் யாருக்கும் வயிறு எரியும். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குப் பாடம் நடத்துகிற மாதிரி, விரலை ஆட்டி ஆட்டி.

அண்ணன் கடைக்காரரைப் பார்த்துச் சொன்னது: "அங்க இவரு பட்டறையப் பெருக்கினு இருந்தாருங்க. அப்ப பாத்தத வச்சிப் பேசறாரு. நீங்க சின்னதையே போடுங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது. எனக்கு மரம்தான் முக்கியம். "பெருசையே குடுங்க, அவரு சொன்ன பிளேடையும் குடுங்க" என்றேன். தங்கச்சி புருஷன் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று அண்ணன் அன்றைக்கே ஊரெல்லாம் சொல்லிவிட்டது. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு அறுந்தது.

மிஷின் வந்தது. மரத்தை அறுக்க வேண்டிய நாள் காலையில் அண்ணன் கிளியனூருக்கு ஒரு கதவு மாட்டக் கிளம்பியது. அறுப்பது இவர் வேலை, இழைத்து ஒட்டுவது அண்ணன் வேலை. அதனால் தாள் எத்தனை தடிமன் என்று அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

"எவ்ளோ தடிமன் வைக்கணுமாம், கேளு" என்றார் இவர்.

"எவ்ளோ அண்ணே?"

வண்டியை உதைத்துக்கொண்டே, "ஒண்ணு போதும்னு சொல்லு" என்றது.

"ஒண்ணு போதுமாம்" என்றேன்.

இவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "ஒண்ணா? எம்மேல உள்ள கடுப்புல கேக்கறான். என்னால முடியாதுன்னு நெனைக்கறான். அறுத்துக் காட்றேன். அப்பறம் அதை எப்பிடி ஒட்டுவானோ, அது அவன் பாடு."

நான் பாலிஷ் அறைக்குப் போய் மாஸ்க்கை மாட்டிக்கொண்டேன். இவர்கள் தபாலைச் சுமந்து சுமந்து எனக்கு வெறுத்துப் போயிருந்தது. தபால்காரி உறையைப் பிரித்தா படிப்பாள்?

மதியம் அண்ணன் திரும்பியபோது மேஜை மேல் தாள்கள் அடுக்கியிருந்தன. கடல்காற்று பட்டு ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. அண்ணன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தது. நடுவில் பிடித்ததும் இரண்டு முனையும் தொய்ந்தன.

"என்னடா இது? அப்பளமா?" இத்தனை மாதம் கழித்து நேராகக் கேட்ட முதல் கேள்வி.

"நீ கேட்ட ஒரு மில்லி" என்றார் இவர்.

"மில்லியா? எவன்டா மில்லி கேட்டான்? ஒரு நூலுடா! ஒரு நூலு!"

எங்கள் பக்கத்து ஆசாரிகளுக்கு அளவு என்றால் நூல்தான். அங்குலத்தை எட்டாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நூல், மூன்று மில்லிக்குக் கொஞ்சம் மேல். ஷார்ஜாவில் நூல் ஏது? பிளேடு, மிஷினெல்லாம் இஞ்சில் சொன்னாலும் தடிமன் என்றால் மில்லிதான். அண்ணன் நூலிலேயே பிறந்தது, இவர் மில்லியிலேயே ஊறியவர். இரண்டு பேருக்கும் நடுவில் நான் வெறும் ஒண்ணை எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

பிளேடு அருமையாகத்தான் அறுத்திருந்தது. ஆனால் ரம்பம் போன தடத்தைத் தேய்த்து எடுத்தாலே அந்தத் தாளில் ஒன்றும் மிஞ்சாது. ஒவ்வொரு தாளுக்கும் பிளேடு தாளைவிட அதிகமாகத் தின்றிருந்தது. மரத்தில் பாதிக்கு மேல் மிஷினுக்கு அடியில் தூளாகக் கிடந்தது. இனி அதை யாரும் மரமாக்க முடியாது.

கத்திக் கத்தி ஓய்ந்த பிறகு இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நூலுன்னு நீ சொல்லியிருக்கணும்ல?" என்றது அண்ணன்.

"ஆமா, இவ வெறும் ஒண்ணுன்னுதான் சொன்னா" என்றார் இவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. கையில் இருந்த பாலிஷ் டப்பாவை இரண்டு பேர் தலையிலும் கவிழ்க்கலாமா என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து டீச்சர் உள்ளே வந்தார். அறுத்ததைப் பார்க்கச் சொல்லி வரவழைத்ததும் நான்தான். மேஜையைப் பார்த்தார், கீழே இருந்த தூளைப் பார்த்தார்.

அண்ணன் முந்திக்கொண்டது. "மரம் சரியில்ல டீச்சர். உப்புக் காத்துலயே நின்னது. நாரு செத்துடுச்சு."

"ஆமாங்க, உள்ள உளுத்துட்டிருக்குது. எந்த மிஷினா இருந்தாலும் இப்பிடித்தான் வரும்" என்றார் இவர். சேர்ந்து பழகியவர்கள் மாதிரி ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொண்டார்.

டீச்சர் ஒரு தாளைத் தொட்டார். அது விரலோடு பிளந்தது. "பாத்தா நல்லாத்தானே இருந்துச்சு" என்றார் மெதுவாக. "நாந்தான் சரியாத் தண்ணி ஊத்தல போலிருக்குது. வேலை, வேலைன்னு ஓடினேன்."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மரத்தைக் கொன்றது போதாது, பழியையும் அதன் மேலேயே போடுகிறார்கள். அந்த அம்மாள் அதை நம்பித் தன்னைத் திட்டிக்கொள்கிறார்.

"மரத்துல ஒரு கோளாறும் இல்ல டீச்சர்" என்றேன். "எங்கண்ணன் நூலுல சொல்லிச்சு, இவரு மில்லியில அறுத்துட்டாரு. ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசிக்கறதில்ல. நடுவுல நான் சொன்னேன், அரைகுறையா. உங்க மரம் கல்லு மாதிரி இருந்துச்சு."

டீச்சர் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். அவர் வகுப்பில் படித்தவர்கள்தான் இரண்டு ஆண்களும். "பேசியிருக்கக் கூடாதாப்பா?" என்றார். பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். நான் ரோடு வரை கூடவே போனேன். கூட வர வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு பஸ் ஏறினார்.

வானூர் வீட்டு அலமாரிகளுக்கு வேறு யாரோ வேலை செய்தார்களாம். மர வரி அச்சடித்த மைக்கா ஒட்டியிருக்கிறதாம்.

இங்கே அண்ணனும் இவரும் நன்றாகப் பேசிக்கொள்கிறார்கள். மிஷினுக்கு மில்லியா நூலா என்று கேட்டுக் கேட்டு வைக்கிறார்கள். சாயங்காலம் சேர்ந்து டீக்கடைக்குப் போகிறார்கள். வெளி ஆள் முன்னால் வீட்டு மானத்தை வாங்கியவள் என்று என்னோடுதான் இரண்டு பேரும் பேசுவதில்லை.