கங்காணி வீட்டுப் பெயர்

"இவன் பேசப் போறதா இருந்தா நான் வரலை" என்றாள் கிடங்கைப் பெருக்குகிற அக்கா.

மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாரம் தூக்கும் இயந்திரத்தின் கம்பிவடம் நைந்து போய் மாதக்கணக்காகிறது. முந்தாநாள் அது அறுந்து விழுந்ததில் ஒருவன் கால் நசுங்கிவிட்டது. வடத்தை மாற்றும்வரை யாரும் மூட்டையைத் தொடுவதில்லை, காலையில் மேலாளரிடம் பேச ஒரு ஆள் போக வேண்டும் என்று முடிவாயிற்று. எல்லோரும் கங்காணியைக் கைகாட்டினார்கள். தோட்டத்தில் ஆட்களை விரட்டி வேலை வாங்கும் கங்காணி இல்லை அவன், அது குடும்பப் பெயர். அவனும் முதுகு தேய மூட்டை தூக்குகிறவன்தான்.

"ஏன்க்கா, என் வாயில புழுவா நெளியுது?"

"வாயில இல்லடா, பேர்ல."

சிரிப்பு எழுந்தது. அவனுக்குச் சுருக்கென்றது. சாப்பாட்டுத் தூக்கில்கூட அந்தப் பெயரைப் பொறித்து வைத்திருப்பவன் அவன்.

"தோட்டத்துல எங்க தாத்தா சீட்டி அடிச்சா முந்நூறு பேர் எழுந்திரிப்பாங்க. அந்தப் பேருக்கு என்ன குறைச்சல்?"

"எழுந்திரிக்காம கிடந்தவர் எங்கப்பா. காய்ச்சல். பிரம்பு அடியில ஒரு காது செவிடாப் போச்சு. அடிச்சது யாருன்னு உங்கப்பனைக் கேளு."

"பொய்!" என்று கத்தினான். வீடு வருகிற வழியெல்லாம் அவளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தான்.

அப்பா நாற்காலியில் கால்நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"தாத்தா ஆளுங்களை அடிப்பாரா?"

"பின்னே, தடவிக் குடுத்தா வேலை நடக்குமா?" தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"காய்ச்சல்ல கிடந்தவனையுமா?"

"வேலைன்னா எல்லாருக்கும்தான் காய்ச்சல் வரும். அந்தப் பிரம்பு போட்ட சோத்துல வளர்ந்தவன்டா நான்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்த மனிதர்.

"முந்நூறு பேர் எழுந்த கதையை ஊட்டி ஊட்டி வளர்த்தீங்களே, எதுக்குப் பயந்து எழுந்தாங்கன்னு சொன்னீங்களா?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பே?"

"பேரைத் தூக்கி எறிஞ்சிருப்பேன்."

"எறியேன். எறிஞ்சா நீ வேற வம்சத்துல பொறந்தவனா ஆயிடுவியா?"

கதவை அறைந்துவிட்டு வெளியே போனான்.

காலையில் மேலாளர் அறை வாசலில் எல்லோரும் கூடினார்கள். அக்காவும் துடைப்பத்தோடு வந்து ஓரமாக நின்றாள். அவன் நேரே அவளிடம் போனான். மன்னிப்புக் கேட்கத்தான் போனான். ஆத்திரத்தில் வேறு வார்த்தைதான் வந்தது.

"நீங்களே பேசுங்கக்கா. நான் பின்னாடி நிக்கிறேன்."

"பின்னாடியா? உங்க தாத்தா நின்ன இடம்டா அது. என் முதுகுக்குப் பின்னாடி கங்காணி வேண்டாம். முன்னாடி போ. என் கண்ணுல படுற மாதிரி நில்லு."

கதவு திறந்தது. "என்ன கங்காணி, ஆளுங்களை வேலைக்கு அனுப்பாம இங்க என்ன கூட்டம்?" என்றார் மேலாளர்.

"ஆளுங்களை விரட்டுறவனுக்குத்தான் சார் அந்தப் பேர். இங்க அப்படி ஒருத்தனும் இல்லை. வடத்தை மாத்துங்க, அப்புறம் மூட்டையைத் தொடுறோம்."

எல்லோருக்கும் முன்னால் நின்று சொன்னான் அவன். யாரும் நகரவில்லை. அக்கா மட்டும் ஓரத்திலிருந்து கூட்டத்துக்குள் வந்தாள், அவனை இன்னும் நம்பாத கண்ணால் பார்த்தபடியே.