வாலைப் பிடித்து இழுக்காதீர்கள்

...அந்தக் கரும்புள்ளி, வால் தொடங்கும் இடத்தில் மை தொட்டு வைத்தது போல, பனையேறிக் கெண்டைதான், வேறு எதுவாகவும் இருக்க முடியாது, இரண்டு வருடமாக ஒடுகத்தூர் ஏரியில் நான் தேடிய மீன், ஜிலேபி கெண்டை வந்து எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டது, இனிமேல் இங்கே இல்லை என்று நானே முடிவுகட்டியிருந்த மீன், இப்போது ஒரு மனிதனின் வாயிலிருந்து வாலை மட்டும் நீட்டியபடி என் கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது... சீ, என்ன இது, மீனையா பார்க்கிறாய், ஃபீபி, மூச்சைப் பார், உதடு நீலமாகிவிட்டது, ஒவ்வொரு மூச்சும் விசில் மாதிரி எங்கோ இடுக்கில் நுழைந்து வருகிறது, கொஞ்சம் போகிறது, கொஞ்சம்தான். அவன் பெயர் வேலு, ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன், இன்று ஞாயிற்றுக்கிழமை, லீவு. இதையெல்லாம் அவனைப் பைக்கில் தூக்கிவந்த அப்துல் ஹமீத் மூச்சு விடாமல் சொல்கிறான், அதே கம்பெனி, பக்கத்து மேஜை, முழங்கால்வரை ஏரிச் சேறு. "பிரியாணிக்குப் போலாம்னேன் டாக்டரம்மா, கேக்கல, ஏரி வத்திக் கெடக்குது, கையிலயே புடிக்கலாம்னான். ஒண்ணு புடிச்சான், பல்லுல கடிச்சிக்கினான், ரெண்டு கையாலயும் இன்னொண்ண அமுக்கினான், வாயில இருந்தது ஒரு துள்ளு துள்ளிச்சு, உள்ள போய்டுச்சு. நான் வாலப் புடிச்சு இழுத்தேன், ரத்தமா வருது." இழுத்தீங்களா? "இழுக்காம இன்னா பண்றது, கைதட்டிக் கூப்பிடறதா?"

வேலூருக்கு அனுப்பிடலாம் டாக்டர், நமக்கெதுக்கு இந்தப் பேஜாரு, என்கிறார் ஜெயபுஷ்பம் சிஸ்டர், சர்ச்சிலிருந்து நேராக வந்தவர், வெள்ளைப் புடவை, சொல்லிக்கொண்டே ஆக்ஸிஜனைத் திறக்கிறார், நல்லவர். அனுப்பலாம், ஆம்புலன்ஸ் வந்து, அணைக்கட்டு தாண்டி, பாகாயம் தாண்டி... அங்கே போய்ச் சேரும்போது இவன் உயிரோடு இருப்பானா? விரலில் மாட்டிய ஆக்ஸிஜன் கிளிப்பில் எண் இறங்கிக்கொண்டே போகிறது. வேறு மீன் என்றால் இந்நேரம் துவண்டிருக்கும், வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இது சாகாது. இதற்குத் தண்ணீரே வேண்டாம், காற்றிலிருந்து மூச்சு விடும், மழைக்காலத்தில் செவுள் மூடியை ஊன்றி ஊன்றி ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்கு நடந்தே போகும், எனக்கு எவ்வளவு பிடிக்கும் அந்த நடை... இப்போது அதே செவுள் மூடி, ரம்பம் போல விளிம்பு, அவன் தொண்டைச் சதைக்குள் விரித்துக்கொண்டு நிற்கிறது. அவன் மூச்சை இது அடைத்துக்கொண்டு தான் மட்டும் சுகமாக மூச்சு விடுகிறதோ?

இழுத்தால் ஏன் வராது? யோசி. கலவை ஏரியில் வலையில் சிக்கியதே ஒன்று, போன வருடம், நான் வாலைப் பிடித்து இழுக்க இழுக்க அது செவுளை விரித்தது, முதுகு முள்ளைத் தூக்கியது, கண்ணி இன்னும் இறுகியது, என் கட்டைவிரல் கிழிந்தது, ஒரு வாரம் ஊசி போடும்போதெல்லாம் வலி. மீன் பார்க்கிறதுக்கா உன்னை எம்.பி.பி.எஸ். படிக்க வெச்சோம் என்று அம்மா போனில் கத்தியது அந்த வாரம்தான். கூடப் படித்தவர்கள் எல்லாம் எம்.டி., நான் வாட்ஸ்அப் குரூப்பில் "மீன் டாக்டர்", யார் மீன் பொரியல் படம் போட்டாலும் என்னை டேக் பண்ணி, நோயாளியைக் காப்பாத்து என்பார்கள். ஆனால் அன்றைக்குக் கடைசியில் எப்படி எடுத்தேன்? தள்ளினேன். முன்னால். தலை இருக்கும் பக்கமாகவே தள்ளினேன், முள் எல்லாம் தானாகப் படிந்தது, செவுள் மூடியை இரண்டு விரலால் அமுக்கி மூடினேன், அப்புறம் சோப்புத் துண்டு மாதிரி வழுக்கி வந்தது. அப்படியென்றால் இங்கே... உள்ளேயா தள்ளுவது? மூச்சு அடைத்துக்கொண்டிருப்பவனின் தொண்டைக்குள் இன்னும் ஆழமாகவா? எந்தப் புத்தகம் இதைச் சொல்கிறது, எந்தப் பேராசிரியர் ஒத்துக்கொள்வார், அந்த மிச்சம் மீதி விசிலும் நின்றுவிட்டால்? நின்றுவிட்டால் கழுத்தில் துளை போட வேண்டும், கத்தியைத் தயாராக வைக்கச் சொல்லிவிட்டேன், ஹமீத் டார்ச்சைக் கிட்டத்தில் பிடித்திருக்கிறான்.

மரப்பு மருந்தை உள்ளே பீச்சியாயிற்று. சிஸ்டர், தலையைப் பிடிங்க. வேலு, என்னைப் பாருங்க, ஒரு நிமிஷம் மூச்சு சுத்தமா நிக்கும், பயப்படாதீங்க. அவன் கண், அப்பா, அந்தக் கண்... பயப்படாதே என்று யார் யாரிடம் சொல்வது? வளைந்த இடுக்கி உள்ளே போகிறது, வால், முதுகு, செதிலின் கரகரப்பு இரும்பு வழியாக என் விரலுக்கு வருகிறது, இதோ செவுள் மூடி, வலது, இடது, ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும், கண்ணை மூடினாலும் தெரியும், எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் இந்தத் தலையைக் கையில் வைத்துப் புரட்டியிருக்கிறேன், கலவை ஏரியில், அமிர்தி ஓடையில், யாருக்கும் பிரயோஜனமில்லாமல். தள்ளினேன். "இன்னா டாக்டர் உள்ள தள்றீங்க!" என்று சிஸ்டர் அலறுகிறார், விசில் நின்றுவிட்டது, அவன் கால் தரையை உதைக்கிறது, இன்னும் ஒரு அரிசி அளவு, இன்னும், ஆங்... படிந்தது, முள் படிந்தது, அந்தச் சின்ன நெகிழ்வு, அதே நெகிழ்வு, இடுக்கியை இறுக்கி மூடினேன், செவுள் மூடி மூடிக்கொண்டது, திருப்பு, மெதுவாக, இழு, வருகிறது, வருகிறது, வழுக்கிக்கொண்டு, ரத்தமும் எச்சிலுமாக, என் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பனையேறிக் கெண்டை வெளியே வந்தேவிட்டது!

மக்கில் தண்ணீர் இருந்தது, அதில் விட்டேன், செவுளை ஒருமுறை விரித்து மூடியது, பின்னால் இடி மாதிரி ஓர் இருமல், அப்புறம் ஒரு மூச்சு, எவ்வளவு பெரிய மூச்சு, அறையிலிருந்த காற்று முழுவதையும் ஒரே இழுப்பில் எடுத்துக்கொண்டது போல. "இயேசப்பா, இயேசப்பா" என்கிறார் சிஸ்டர். கிளிப்பில் எண் ஏறுகிறது, ஏறிக்கொண்டே இருக்கிறது, இவ்வளவு அழகான எண்களை நான் பார்த்ததே இல்லை. ஹமீத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான், அழுகிறானா சிரிக்கிறானா, "டேய், பிரியாணிக்கே போயிருக்கலாம்டா, ஆப் பிளேட்டுலயே முடிஞ்சிருக்கும்டா." வேலு ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறான், பேசாதீங்க என்கிறேன், கேட்கவில்லை, கரகரத்த குரலில், "அது... என் மீனு." குடுக்க மாட்டேன் என்றேன். எல்லோரும் சிரித்தோம், அவன் சிரித்தான், வலித்தது, அப்படியும் சிரித்தான். இப்போதே தெருவுக்கு ஓட வேண்டும், பஸ் ஸ்டாண்டில் நின்று கத்த வேண்டும், அம்மா, மீன் பார்க்கத்தான் படிக்க வெச்சீங்க, ஆமாம், மீன் பார்க்கத்தான், சரியாகத்தான் படிக்க வைத்திருக்கிறீர்கள்! வீக்கத்துக்கு ஊசி போட்டாயிற்று, உள்ளே கிழிசலைப் பார்க்க வேலூருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, ஆம்புலன்ஸ் வந்தது, நடந்தே போய் ஏறினான், நடந்தே, ஏறும்போது எனக்குக் கும்பிடு வேறு.

கையைக் கழுவிக்கொண்டிருக்கிறேன், செதில் ஒன்று மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. ஜெயபுஷ்பம் சிஸ்டர் துண்டை நீட்டியபடி, கண் கலங்க, "அந்த மொத மூச்ச இழுத்தப்ப பாத்தீங்களா டாக்டர், நீலமா கெடந்த மூஞ்சி அப்படியே செவந்து வந்துச்சே, எத்தன வருசம் ஆனாலும் மறக்குமா அது?" பாத்தேன் சிஸ்டர், என்றேன், உடனே, யோசிக்காமல். துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டேன், விரல் விரலாக. இருமல் கேட்டது, ஆமாம், மூச்சு கேட்டது, முதுகுக்குப் பின்னால்... அந்த முகம்? நீலம் சிவப்பானது? தேடிப் பார்க்கிறேன், என்னிடம் அது இல்லை, இருப்பதெல்லாம் ஒரு மக்கு, கலங்கிய தண்ணீர், விரிந்து மூடிய ஒரு செவுள்.