வாசலில் நின்ற பெட்டி

நிறைந்த தேயிலைப் பெட்டியைப் பேக்கிங் ரூமில் யாரும் இழுக்க மாட்டோம். தள்ளத்தான் செய்வோம். பலகைப் பெட்டி, ஓரமெல்லாம் தகரப் பட்டை அடித்திருக்கும். பட்டையைப் பிடித்து இழுத்தால் ஆணி பிடுங்கிக்கொண்டு வரும், கை கிழியும், உள்ளே இருக்கிற ஈயத்தாள் விட்டுப்போய்த் தூளில் ஈரம் ஏறும். அதனால் பெட்டிக்குப் பின்னால் போய் நின்று இடுப்பைக் கொடுத்து ஒரு நெட்டு நெட்ட வேண்டும். தூள் பட்டுப் பட்டு வழவழத்துப்போன சிமெண்ட் தரை, வழுக்கிக்கொண்டு போகும். ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான். இரண்டு சேர்ந்தால் மனுஷனால் ஆகாது. மூலையில் போய் முட்டிவிட்டால் அது அங்கேயே கிடக்க வேண்டியதுதான். அதற்குப் பின்னால் போய் நிற்க இடம் கிடையாது.

எங்கள் ஆட்டம் இதிலிருந்து வந்தது. நாளைக்கு எந்தப் பெட்டியை எங்கே ஒதுக்கலாம் என்று அட்டிக்காரர் சங்கையா தீப்பெட்டிகளைத் தரையில் வைத்து நகர்த்திப் பார்ப்பார். அட்டிக்காரர் என்றால் ஸ்டோரில் பெட்டி அடுக்குகிறவர்களுக்கு இடம் சொல்கிற ஆள். அவர் பார்த்ததை நாங்கள் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாக எடுத்துக்கொண்டோம். லாரி ஏற்றும் மேடையில் சாக்பீஸால் ஓர் அறை வரைவது. கட்டம் கட்டமாகத் தரை, சுற்றிச் சுவர். பெட்டிக்குப் பதில் தீப்பெட்டி. காற்றில் பறக்காமலிருக்க உள்ளே தூள் அடைத்திருக்கும். ஆளுக்குப் பதில் ஒரு சோடா மூடி. தீப்பெட்டியின் மேல் ‘டஸ்ட்’, ‘பி.ஓ.பி.’ என்று தேயிலை ரகத்தின் குறி இருக்கும். எந்தக் கட்டத்தில் எந்தக் குறி போய்ச் சேர வேண்டும் என்று தரையிலும் எழுதியிருக்கும். மூடியைக் கொண்டு தள்ளலாம், இழுக்கக் கூடாது. எல்லாம் இடம் சேர்ந்தால் அறை திறந்தது என்று அர்த்தம்.

திறப்பதைவிட வரைவதுதான் கெட்டிக்காரத்தனம். வரைகிறவன் தலைகீழாக வேலை செய்வான். எல்லாப் பெட்டியையும் முதலில் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு, மூடியால் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டே போய்க் கலைப்பான். இழுக்கலாம் என்பது வரைகிறவனுக்கு மட்டும் உள்ள சலுகை. இழுத்து வந்த வழியே தள்ளிக்கொண்டு போனால் திறக்கும். அவன் வரையும்போது திறக்கிறவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். திறக்க முடியாத அறையை வரைந்தால் வரைந்தவனுக்குத் தோல்வி.

எழுபத்தாறாம் வருஷம், மழைக்கு முன்னால், சங்கையா வேலையை விட்டார். கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலைக்குப் போன மகன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான். அட்டிக்காரர் இடம் காலியானது. எனக்கு அந்த இடம் கிடைத்தே ஆக வேண்டும்.

அதற்கு முந்தின மழையில் என் கால் போயிருந்தது. லாரிக்காரன் அவசரப்படுத்திய ஒரு மத்தியானம், முதுகில் பெட்டியோடு ஸ்டோர் வாசலைக் கடந்தேன். யாரோ பீடி பற்ற வைப்பதற்காக ஒரு பெட்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். முதுகில் சுமை இருக்கிறவனுக்குக் கீழே எது தெரியும்? முட்டி விழுந்தேன். என் பெட்டி என் கெண்டைக்கால் மேலேயே விழுந்தது. என்னோடு சுமந்துகொண்டிருந்த நல்லதம்பிதான் அதைத் தூக்கி எறிந்துவிட்டு என்னை முதுகில் போட்டுக்கொண்டு எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். கால் கூடிற்று, ஆனால் குட்டையாகக் கூடிற்று. கட்டோடு கிடந்த நாட்களில் சித்திரபுரம் வாசகசாலைக்காரர்கள் வந்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பெட்டி மேல் அடிக்கிற இங்கிலீஷ் குறிகளையும் அப்போதே படித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்குக் கொடுத்தது கூட்டுகிற வேலை. அதுவும் மழை தொடங்கும் வரைதான், பிறகு பெயரை வெட்டிவிடுவோம் என்று தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் சொல்லிவிட்டார். பெயர் போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். என் பெண்டாட்டி குருவம்மாள் கொழுந்து கிள்ளுகிறாள், ஆனால் அவள் தற்காலிக ஆள். அவள் பெயருக்கு வீடு கிடையாது. அட்டிக்காரர் சுமக்க வேண்டாம், நின்று இடம் சொன்னால் போதும். குட்டைக்கால்காரனுக்கு அந்தத் தொழிற்சாலையில் இருந்த ஒரே வேலை அது.

நல்லதம்பியும் கேட்டான். கேட்கக் கூடாதா என்ன? அவனுக்கும் எழுத்துத் தெரியும், இளவட்டம், மூளையும் சுறுசுறுப்பு. எங்கள் மேஸ்திரி குருசாமிக்கு அவன் மச்சினன் முறை. நான் அவர் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறவன். ஒருத்தனுக்குக் கொடுத்தால் வீட்டில் சோறு கிடைக்காது, இன்னொருத்தனுக்குக் கொடுத்தால் வாசலில் முகம் காட்ட முடியாது. ஆளைச் சொல்லும் பொறுப்பை டீமேக்கர் அவர் தலையில் வைத்துவிட்டார்.

“ரெண்டு பேரும் எனக்கு வேண்டியவுக,” என்றார் குருசாமி. “தரையைத் தெரிஞ்சவன்தான் அட்டிக்கு வேணும். ஞாயித்துக்கிழமை தம்பி வரையட்டும், பெரியமுத்து திறக்கட்டும். பொழுது அடையுறதுக்குள்ள திறந்தா பெரியமுத்துக்கு. இல்லன்னா தம்பிக்கு. நாளைக்கு என்னை ஏசக் கூடாது.”

“யாரும் ஏசாம இருந்தா நீங்க மேஸ்திரியே இல்ல மச்சான்,” என்றான் நல்லதம்பி. ஆனால் ஒத்துக்கொண்டான். நானும் ஒத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேடையில் உட்கார்ந்தோம். பேக்கிங் ரூம் ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். நான் மலையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். சாக்பீஸ் உரசும் சத்தம் கேட்டது. பிறகு நல்லதம்பி கையைத் தட்டிக்கொண்டு, “திரும்புங்க அண்ணாச்சி,” என்றான்.

பார்த்ததும் சிரிப்பு வந்தது. கைக்குட்டை அளவு அறை, நாலே பெட்டி.

“என்னலே, சாக்பீஸ் தீந்துபோச்சா?”

“திறந்துட்டுச் சிரிங்க.”

இரண்டு பெட்டிகள் கதையே இல்லை. தொடங்கியதும் இடம் சேர்ந்துவிட்டன. மிச்சம் இரண்டு. வலது சுவரில் ஒரு வாசல், அதற்கு வெளியே ஒரே கட்டம் அகலத்தில் ஒரு வராந்தா. வாசலுக்கு நேர் உள்ளே பி.ஓ.பி. பெட்டி நின்றது. அதன் இடம் எதிரே, இடது சுவர் ஓரம். பி.ஓ.பி.க்கு மேல் கட்டத்தில் டஸ்ட் நின்றது. அதன் இடம் பி.ஓ.பி.க்குக் கீழ்க் கட்டம். ஆக, பி.ஓ.பி. விலகினால்தான் டஸ்ட் கீழே இறங்கும். டஸ்டுக்கு வலப்பக்கம் ஒரு சந்து தொடங்கிச் சுற்றி வளைந்து வராந்தாவில் போய்ச் சேருகிறது. அந்தச் சந்தின் வாயை டஸ்ட் அடைத்துக்கொண்டிருந்தது. என் மூடி அறைக்குள்ளே, இடப்பக்கம்.

பி.ஓ.பி.யை இடது சுவருக்குத் தள்ள வேண்டுமானால் நான் வாசல் பக்கம் நிற்க வேண்டும். அந்தப் பக்கம் போக இரண்டு வழி. ஒன்றைப் பி.ஓ.பி.யே மறிக்கிறது, மற்றதை டஸ்ட் மறிக்கிறது.

முதலில் பி.ஓ.பி.யை வாசல் வழியே நேராக வராந்தாவுக்குத் தள்ளிவிட்டேன். டஸ்ட் சுகமாக இறங்கிற்று. சந்து திறந்தது, சுற்றிப் போனேன். வராந்தாவில் பி.ஓ.பி. வெளிச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் நிற்க இடமில்லை. மேலும் கீழும் நகரும், உள்ளே மட்டும் வராது.

“செத்துச்சு,” என்றான் பொன்ராஜ். அவன் பெட்டிக்கு ஆணி அடிக்கிறவன்; வாயிலும் எப்போதும் ஆணி வைத்திருப்பான்.

திரும்ப அடுக்கினேன். இப்போது டஸ்டைச் சந்துக்குள் தள்ளிப் பார்த்தேன். சந்து வளைவில் மாட்டிக்கொண்டது. திரும்ப அடுக்கினேன். முதலில் இடம் சேர்ந்த அந்த இரண்டு பெட்டிகளின் மேல் சந்தேகம் வந்தது. அவற்றை நகர்த்தாமல் விட்டுப் பார்த்தேன், முறை மாற்றிப் பார்த்தேன். அவை யோக்கியமான பெட்டிகள், ஒரு பாவமும் செய்யவில்லை. நான்தான் மத்தியானம் பூராவும் அவற்றை உருட்டிக்கொண்டிருந்தேன்.

சாரல் மேடை ஓரத்தை நனைக்கத் தொடங்கியது. குருவம்மாள் தூக்குவாளியில் கட்டன் சாயா கொண்டு வந்தாள். மழைக்குப் போட்ட சாக்குக் கொங்காணியைத் தலையிலிருந்து எடுக்காமலே எட்டிப் பார்த்தாள்.

“ரெண்டு தீப்பெட்டி. இதுக்கா இவ்வளவு நேரம்? அடுப்படியில நான் இதைவிட நெருக்கடியில பானை ஒதுக்குறேன்.”

“மதினி, வந்து திறங்களேன்,” என்றான் நல்லதம்பி.

“நான் திறந்தா உன் மண்டையைத்தான் திறப்பேன். வரைஞ்சிருக்கான் பாரு, எலிப்பொறி மாதிரி.” சாயாவை எனக்கு ஊற்றினாள், அவனுக்கும் ஊற்றினாள். என்னிடம் குனிந்து மெதுவாக, “முடியலன்னா எந்திரிச்சு வாங்க. வட்டவடையில என் அண்ணன் பூண்டுத் தோட்டத்துல ஒரு மூலை தராமலா போவான்,” என்றாள்.

அவள் அண்ணன் தருவான். தந்துவிட்டுத் தினமும் சொல்லிக் காட்டுவான். அவளுக்கும் அது தெரியும். “நீ வீட்டுக்குப் போ,” என்றேன். அவள் போகவில்லை. தூணில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. கால் கடுத்தது, நீட்டிக்கொண்டேன். தள்ளித் தள்ளி வழி தெரியவில்லை, வரைகிறவன் மாதிரி இழுத்துப் பார்ப்போம் என்று தோன்றியது. மனசுக்குள் எல்லாப் பெட்டியையும் இடத்தில் வைத்தேன். கடைசியாக இடம் சேர்ந்தது எது? பி.ஓ.பி. இடது சுவர் ஓரம் நிற்கிறது. அதை அங்கே தள்ளியவன் அதற்கு வலப்பக்கம் நின்றிருக்கிறான். இழுத்துக்கொண்டே பின்னால் வருகிறேன். வாசலுக்கு நேர்க் கட்டம் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பெட்டி இங்கே நின்றால் டஸ்ட் இறங்க முடியாது. ஆகவே டஸ்ட் இறங்கும்போது பி.ஓ.பி. இங்கே இல்லை. இன்னும் பின்னால் இழுக்க வேண்டும். இன்னும் பின்னால் என்றால் வாசல்.

அங்கே வந்ததும் மனசு பெட்டியை விட்டுவிட்டது.

வாசலும் ஒரு கட்டம்தான். சாக்பீஸால் மற்றக் கட்டங்களைப் போலவேதான் போட்டிருந்தான். இத்தனை நேரமும் எத்தனையோ முறை பி.ஓ.பி.யை அதன் வழியாகத் தள்ளியிருக்கிறேன். ஒரு முறைகூட அங்கே நிறுத்தவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேஸ்திரி சொல்கிற முதல் வார்த்தை அது: வாசலில் பெட்டி நிற்கக் கூடாது. என் கெண்டைக்காலும் அதையே சொல்லும். சுற்றி நின்ற அத்தனை பேரும் பேக்கிங் ரூம்காரர்கள், அவர்களில் ஒருத்தன் கண்ணுக்கும் அது நிற்கிற இடமாகத் தெரியவில்லை.

நல்லதம்பியைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நீட்டிய காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெட்டிகளைத் திரும்ப அடுக்கினேன். மூடியைப் பி.ஓ.பி.க்குப் பின்னால் வைத்தேன். ஒரு கட்டம் தள்ளினேன். பெட்டி வாசலில் நின்றது. விரலை எடுக்க வேண்டும். எடுக்க வரவில்லை. இன்னும் ஒரு கட்டம் தள்ளிவிடு, வழியை விடு என்று விரல் சொல்லிற்று. காலில் விழுந்த பெட்டியின் சத்தம் திரும்பக் கேட்டது. நான் லயத்து வீட்டை நினைத்துக்கொண்டேன், குருவம்மாள் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் காலண்டர் படங்களை நினைத்துக்கொண்டேன். விரலை எடுத்துவிட்டேன்.

“யோவ், வாசல்ல நிக்குதுய்யா!” என்று கத்தினான் பொன்ராஜ். “அது செல்லாது!”

எல்லாரும் பேசத் தொடங்கினார்கள். குருசாமி கையை உயர்த்தினார். “ஆட்டத்துல அப்படி ஒரு சட்டம் இருக்கா? எவனாச்சும் சொல்லியிருக்கானா?”

அது ஸ்டோரின் சட்டம். ஆட்டத்தில் யாருக்கும் சொல்ல அவசியமே வந்ததில்லை.

“தம்பி, நீ சொல்லு.”

நல்லதம்பி ஆம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்குக் கதை முடிந்திருக்கும். “அப்படிச் சட்டம் இல்ல,” என்றான். “தள்ளுங்க அண்ணாச்சி.”

டஸ்டுக்கு மேலே இருந்த கட்டத்துக்கு மூடியைக் கொண்டுபோய், கீழே தள்ளினேன். இறங்கி இடம் சேர்ந்தது. சந்து திறந்தது. சுற்றிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். வாசலில் நின்ற பி.ஓ.பி.க்குப் பின்னால் எனக்கென்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. அங்கே நின்று நேராக உள்ளே தள்ளினேன். அது அறையைக் கடந்து இடது சுவர் ஓரம் போய் நின்றது.

குருவம்மாள் தூக்குவாளியை மூடினாள். “இதை அப்பவே செஞ்சிருக்கலாம்ல,” என்றாள்.

நல்லதம்பி தீப்பெட்டிகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். “எங்க வேணாலும் வைப்பீக, அங்க மட்டும் வைக்க மாட்டீகன்னு நினைச்சுத்தான் வரைஞ்சேன்,” என்றான்.

“தெரியும்லே.”

“கோவமா?”

“கோவம்தான். சாயா குடிச்சியா?”

“குடிச்சேன். சீனி இல்ல.”

மறுநாள் காலை குருசாமி என் பெயரை டீமேக்கரிடம் சொன்னார். டீமேக்கர் என் காலை ஒரு தரம் பார்த்தார், சரி என்றார். ஸ்டோர் வாசல் ஓரமாகக் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றேன். முதல் பெட்டியை நல்லதம்பிதான் தள்ளிக்கொண்டு வந்தான். நேராக வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து நிதானமாகத் திரும்பக் கட்டத் தொடங்கினான். பின்னால் பொன்ராஜ் முதுகில் பலகைச் சுமையோடு குனிந்து வந்துகொண்டிருந்தான்.

கம்பால் தரையில் அடித்தேன். “வாசலை விடுலே!”

“நேத்து நீங்களே நிறுத்துனீகளே அண்ணாச்சி?”

“நேத்து அது தீப்பெட்டி. நெட்டு, உள்ள போ. இடது சுவர் ஓரம்.”

அவன் சிரித்துக்கொண்டே இடுப்பைக் கொடுத்தான். பெட்டி உள்ளே போயிற்று. பொன்ராஜ் குனிந்த தலை நிமிராமல் வாசலைக் கடந்தான்.