பனி தங்காத இடம்

ரோதியோனை நிலம் விழுங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

எழுபத்திரண்டாம் வருடக் கோடையில் மழையே கிடையாது. மாஸ்கோவுக்கு வெளியே, எங்கள் சோர்னி மோக்கின் கரிமண் வயல்கள் ஜூலையிலேயே புகைய ஆரம்பித்துவிட்டன. சதுப்பு நீரை வடித்து, பாசியும் புல்லும் ஊறிக் கறுத்த அந்த மண்ணைச் சுரண்டிக் காயவைத்து, குட்டி ரயிலில் ஏற்றி மின்நிலையத்துக்கு அனுப்புவதுதான் எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் பிழைப்பு. எரிப்பதற்காகவே எடுக்கிற மண். அது நிலத்தில் இருக்கும்போதே பற்றிக்கொண்டால் மேலே ஒன்றும் தெரியாது. புல் பச்சையாகவே நிற்கும். அடியில் கங்கு தின்றுகொண்டே போகும்.

தீ மேற்கொண்டு பரவாமல் இருக்க வயலின் குறுக்கே பள்ளம் இழுக்கச் சொன்னார் எங்கள் மேஸ்திரி அர்கிப். ரோதியோன் டிராக்டரை எடுத்துக்கொண்டு போனான். பாதி வயலைத் தாண்டியிருப்பான். தண்ணீர் குடிக்கக் குனிகிற மாடு மாதிரி டிராக்டர் முன்பக்கம் சாய்ந்தது. உடனே நிலம் உள்வாங்கியது. பொறிகள் கூட்டமாக மேலே பறந்தன. பிறகு அங்கே ஒரு குழிதான் இருந்தது. அதன் விளிம்பில் புல் தொங்கிக்கொண்டிருந்தது. அர்கிப் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தவழ்ந்து போனார். பூட்ஸ் அடி உருகி அவர் அலறவும், நாங்கள்தான் இழுத்துப் போட்டோம்.

ரோதியோனின் மனைவி தைசியா என் பக்கத்து வீடு. என்னோடு அதே குழுவில் ரயிலுக்கு மண் ஏற்றுகிறவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள்; அக்கா என்றுதான் கூப்பிடுவேன். செய்தி கேட்டு ஓடி வந்தவள் அழவில்லை. வயலோரத்தில் நின்று அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலிப் பெட்டியையாவது புதைத்துவிடலாம் என்று அலுவலகத்திலிருந்து ஆள் வந்தான்.

"எதைப் புதைக்கறது? அவன் சட்டையையா?" என்று கேட்டாள் தைசியா. "அது இருக்கட்டும். வந்தா மாத்திக்க வேணும்."

வந்தவன் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

இலையுதிர் காலத்தில் மழை வந்து புகை அடங்கியது. தீ அணைந்தது என்று எழுதி மேலே அனுப்பிவிட்டார்கள். நவம்பரில் பனி விழுந்து எல்லாம் வெள்ளையானது. ரோதியோன் விழுந்த வயலின் நடுவில் மட்டும் ஒரு வட்டம், வீடு கட்டுகிற அளவுக்கு, கறுப்பாகவே இருந்தது. எவ்வளவு பனி விழுந்தாலும் அங்கே தங்கவில்லை. விளிம்பில் புல் முளைத்து வசந்தம் போலப் பச்சையாக நின்றது. லேசாக ஆவி வந்துகொண்டே இருந்தது.

தைசியா தினமும் வேலை முடிந்து அங்கே போக ஆரம்பித்தாள். ஒரு நாள் நானும் போனேன். விளிம்பில் குந்தி உட்கார்ந்து கையுறையைக் கழற்றி மண்ணில் உள்ளங்கையை வைத்தாள்.

"தொட்டுப் பாருடி ஃபைனா. காய்ச்சல்காரன் நெத்தி மாதிரி இருக்கு."

"கிட்ட போகாதக்கா. உள்ள வாங்கிடும்."

"அவனுக்குக் குளிரே ஆகாது. ஆகஸ்ட்லயே கம்பளி காலுறை கேப்பான். பாரு, எப்படி வெச்சிருக்கான் இடத்த."

அப்போது அடியில் ஏதோ தட்டியது. டிராக்டர் எஞ்சின் கிளம்பாமல் முக்குமே, அந்தச் சத்தம். இரண்டு தட்டு, ஓர் இழுப்பு. எரிந்து வெற்றிடமான இடத்தில் மண் சரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவள் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி வந்தேன். அவள் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

கடுங்குளிரில், மரங்கள் உறைந்து வெடிக்கிற நாட்களில், தைசியா என் வீட்டுக்குக் கதவைத் தட்டாமல் வந்து ஓர் உருளைக்கிழங்கை மேசையில் வைத்தாள். அதிலிருந்து விரல் நீளத்துக்கு வெள்ளை முளைகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"நிலவறையில மொத்தமும் முளைச்சிருச்சு," என்றாள். கன்னமெல்லாம் சிவந்து கல்யாணப் பெண் மாதிரி இருந்தாள். "அடுப்பு மூட்டி ஒரு வாரமாச்சு. வெறுங்கால்ல நடக்கறேன். வரான்டி. வீட்டப் பாத்து வந்துட்டிருக்கான்."

எங்கள் தெருவும் வடித்த சதுப்பின் மேல்தான் நிற்கிறது. தீ அணையவே இல்லை. பனிக்கு அடியில் மெல்ல மெல்லத் தெருவுக்கு வந்திருந்தது.

"அக்கா, துணிமணிய எடுத்துக்கிட்டு இங்க வந்துடு. நான் அர்கிப் அண்ணன்கிட்ட சொல்றேன்."

"சொல்லு, வாயத் திறந்து சொல்லித்தான் பாரு," என்றாள். குரல் மாறியிருந்தது. "தண்ணி ஊத்துவானுங்க. போன தடவ எரியவிட்டு வேடிக்க பாத்தீங்க, இப்ப குளிர்ல சாகடிக்கப் போறீங்களா?" நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "தலை வலிக்குது. அவன் பேசறப்பல்லாம் வலிக்குது."

அவள் போனதும் நேரே அர்கிப்பிடம் ஓடினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆட்களைத் திரட்டி, பம்பை எடுத்துவரக் கிளம்பினார். "அவள மொதல்ல வெளிய கொண்டா. இந்தப் புகைக்கு மணமே கிடையாது, தூங்க வெச்சே கொன்னுடும்," என்றார்.

தைசியாவின் கதவு திறந்தே இருந்தது. உள்ளே கோடைக்காலம். ஜன்னல் கண்ணாடியில் உறைகிற பனிப்பூ ஒன்றுகூட இல்லை. அவளைக் காணோம். நிலவறைப் பலகை தூக்கியிருந்தது. கீழே இருப்பாள் என்று ஏணியில் இறங்கினேன். கிழங்கு முளைகள் சுவரைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தன. நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. கால்கள் இனிமையாகத் தளர்ந்தன. சுவருக்கு அந்தப்புறம் யாரோ இருமினார்கள்.

ரோதியோனின் இருமல். புகையிலைக்காரன் இருமல். இத்தனை வருடம் வேலிக்கு அப்பால் கேட்டுப் பழகியது.

"ஃபைனா," என்றான் அவன், மிக நிதானமாக. "இங்க உக்காரேன். ஏன் நிக்கறே?"

உட்கார்ந்தேன். அவ்வளவுதான் நினைவு.

பிறகு முகத்தில் பனி. கொல்லைப்பக்கம் துணி எடுக்கப் போயிருந்த தைசியா திரும்பி வந்து, என்னை அக்குளில் பிடித்து இழுத்து வாசலில் போட்டிருந்தாள். பனியை அள்ளி என் கழுத்தில் தேய்த்துக்கொண்டு, கன்னத்தில் மாறி மாறி அறைந்தாள். நான் வாந்தி எடுத்தேன்.

"எதுக்குடி கீழ போனே?"

"நீ இருப்பேன்னுதான்... அக்கா, அவன் கூப்பிட்டான்."

அவள் கை நின்றது. "யாரு?"

"ரோதியோன். பேரச் சொல்லிக் கூப்பிட்டான். உக்காருன்னான்."

"உன்னையா?"

"ஆமாக்கா."

அவள் முகத்திலிருந்த அந்தச் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"என் புருஷன் அடுத்த வீட்டுக்காரிய உக்காரச் சொல்லமாட்டான்," என்றாள். "உன்னப் பாத்தாலே எரியும் அவனுக்கு. வாயாடின்னு சொல்லுவான். செத்தாலும் சொல்லமாட்டான்."

எழுந்து வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப இது யாரு?" என்று கேட்டாள்.

அர்கிப் ஆட்களோடு வந்தார். ஏரியில் பனிக்கட்டியை உடைத்து பம்பை இறக்கினார்கள். தெருவுக்குக் குறுக்கே ஆளுயரத்துக்குப் பள்ளம் வெட்டினார்கள். மேல் மண் இரும்பு மாதிரி உறைந்திருந்தது, ஒரு முழத்துக்குக் கீழே சிவப்பாகக் கனன்றது. குழாயைப் பிடிக்க ஆள் நின்றபோது தைசியா வந்து அவன் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை.

அவள் தண்ணீர் அடித்தாள். நிலம் சீறியது. வெள்ளை ஆவி எழுந்து அவளை மறைத்தது. ஆவிக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் கேட்டது. முதலில் வசவு. எங்கள் ஆண்களே கூசுகிற வசவு. "அவன் குரல எங்கடா திருடினே? குடு! குடுத்துட்டுப் போ!" பிறகு குரல் தாழ்ந்தது. கடைசியில் அவள் ரோதியோனிடம்தான் பேசிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். காலுறை என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது.

அவள் வீட்டின் ஒரு மூலை அன்றே இறங்கிவிட்டது. என்னோடு வந்து தங்கினாள். வாயாடி வீடு என்று சொல்லிச் சொல்லியே தங்கினாள்.

பனி உருகி, வயல் ஆறிய பிறகு டிராக்டரைத் தோண்டி எடுத்தார்கள். இரும்பு மட்டும் மிஞ்சியிருந்தது. உள்ளே சாம்பல், வெளிர் சிவப்பில், மாவு போல. எது மண், எது இருக்கை, எது மனிதன் என்று பிரிக்க முடியாது. தைசியா தலைமுக்காட்டை அவிழ்த்து விரித்து, கையால் அள்ளினாள். அவன் சட்டையோடு சேர்த்து அதைப் பெட்டியில் வைத்துப் புதைத்தோம். வழக்கப்படி, துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அவித்த கோதுமையில் தேன் விட்டுக் கொடுத்தோம். அர்கிப் குடித்துவிட்டு அழுதார். அவள் அப்போதும் அழவில்லை.

அந்த வயலின் மண்ணை மின்நிலையத்துக்குக் கொடுக்க எங்கள் ஆட்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அதை மறுபடி எரிக்க யாருக்கும் மனம் வரவில்லை. எரியாமல் மிஞ்சிய மண்ணைச் சலித்து, பையில் கட்டி, தோட்டத்துக்கு உரமண்ணாக விற்கலாம் என்று முடிவானது. தைசியா பை கட்டும் கொட்டகைக்கு மாற்றிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாஸ்கோவிலிருந்து தோட்டக்காரர்கள் வருவார்கள்.

ஒரு முறை, வெள்ளைத் தொப்பி போட்ட ஓர் அம்மாள் பையைப் பிரித்துக் கையளவு எடுத்து முகர்ந்தாள்.

"எவ்வளவு மிருதுவா இருக்கு! கறுப்பு மாவு மாதிரி. ரோஜாவுக்குப் போடலாமா?"

"போடலாம்மா," என்றாள் தைசியா, பை வாயை இறுக்கிக் கட்டியபடி. "ஆனா தண்ணி மட்டும் விடாம ஊத்துங்க. ஒரு நாள்கூடக் காயவிட்டுடாதீங்க."

அந்த அம்மாள் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, பையைக் குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். பஸ் மறைகிறவரை தைசியா கொட்டகை வாசலிலேயே நின்றாள்.