எட்டு மணி வரைக்கும்

உதவிக்கு வரப்போகிறவள் ஒரு பெரிய தாளைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, சுருண்டுகொண்ட முனைமேல் உப்பு டப்பாவைத் தூக்கி வைத்தாள். ஏழு நாளுக்கு ஏழு கட்டம். எல்லாம் காலி.

"உங்க மனசுக்குப் புடிச்ச மாதிரி ஒரு வாரம் போகணும்னா, எப்படிப் போகணும்? சொல்லுங்க."

சக்கர நாற்காலியில் இருந்தவள் வாயைத் திறந்தாள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கைகால் விறைப்பு. பேச்சும் அப்படித்தான். ஒவ்வொரு சொல்லையும் சேற்றில் மாட்டிய செருப்பைப் பிடுங்குவதுபோல் இழுத்து எடுக்க வேண்டும். முதல் சொல் வருவதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

"திங்கக்கிழமை எக்சர்சைஸ். செவ்வாயும் எக்சர்சைஸ். புதன்..."

"பட்டாளத்துக்கா அனுப்பப் போறீங்க?" அண்ணி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"எனக்கு..." என்றாள் அவள்.

"கம்ப்யூட்டர் கத்துக்கணுமா? எழுதிக்கம்மா, கம்ப்யூட்டர்."

வந்தவள் பேனாவை மூடினாள். "அண்ணே, அவங்க முடிக்கட்டும்."

மூன்று பேரும் காத்திருந்தார்கள். அவளுக்குத் தாடை இறுகியது. எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி தொடங்கினாள்.

"தூங்...கணும்."

அண்ணன் சிரித்துவிட்டான். "இத்தனை பேர் வேலையை விட்டுட்டு உக்காந்து கேட்டா, மகாராணிக்குத் தூங்கணுமாம்!"

"எட்டு மணி... வரைக்கும்."

சிரிப்பு அங்கேயே நின்றது.

அவன் காய்கறி மொத்தச் சந்தையில் மூட்டை இறக்குபவன். முதல் லாரி விடியுமுன்னே வந்துவிடும். அவளைத் தூக்க அவனால்தான் முடியும். அம்மா போனதிலிருந்து தினமும் நாலு மணிக்கு அவளைத் தூக்கிக் குளியல் நாற்காலியில் உட்கார வைப்பான். அண்ணி குளிப்பாட்டி உடை மாற்றுவாள். மறுபடி தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டு ஓடுவான். பிறகு அவன் திரும்பும்வரை அவளை அசைக்க ஆளில்லை. தலைசீவி, பவுடர் பூசி, எங்கோ கிளம்புகிறவள் மாதிரி இருட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். தூக்கத்தில் தலை தொங்கும். விடியும்போது கழுத்து கட்டையாகியிருக்கும்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?" என்றான் அண்ணன். "நான் என்ன வேணும்னா எழுப்பினேன்?"

கோபித்துக்கொள்வானோ என்று அவளுக்குப் பயம். அவன் வேண்டாமென்றால் பேச்சு இதோடு முடிந்தது.

"நீயும்... நாலுக்குத்தானே... எந்திரிக்கிற."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "நான் மட்டும் ஆசைப்பட்டா எந்திரிக்கிறேன்? அவ ஒருத்தியாவது வாயைத் தொறந்தாளே."

வந்தவள் பையிலிருந்து வழவழப்பான ஒரு பலகையை எடுத்தாள். "தூக்கவே வேண்டாம். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவுல இதப் போட்டா அப்படியே நகர்ந்து வந்துருவாங்க."

"விழுந்துட்டா?"

"உங்களையே நகர்த்திக் காட்டவா? உக்காருங்க."

அவளை நாற்காலியிலிருந்து கட்டிலில் இறக்கிவிட்டு, அண்ணன் அவள் பக்கத்தில் பலகைமேல் உட்கார்ந்தான். மூட்டை தூக்கி உரமேறிய அந்த உடம்பை, அவனில் பாதி இருந்தவள் இடுப்பில் கை கொடுத்து ஒரு தள்ளு தள்ளினாள். வழுக்கிக்கொண்டு போய்ச் சக்கர நாற்காலியில் பொத்தென்று விழுந்தான். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கட்டிலிலிருந்தவளுக்குச் சிரிப்பில் புரையேறியது.

"சரி சரி, எழுதும்மா," என்றான் அண்ணன், எழுந்திருக்கத் தெரியாமல்.

"இன்னொன்னு. காலையில ஆள் அனுப்ப வாரத்துல மூணு நாளைக்குத்தான் எங்க ஆபீஸ்ல ஒத்துக்குவாங்க. பலகையும் ஆபீஸோடது, என்கூடத்தான் வந்து போகும். மத்த நாள் பழையபடிதான்."

"மூணு... போதும்," என்றாள் அவள். போதாதென்று எல்லோருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை நாலு மணிக்கு அண்ணனின் கை பழக்கத்தில் அவள் முதுகுக்கடியில் நுழைந்தது. அண்ணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவள் கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

விழித்தபோது போர்வைமேல் வெயில் கிடந்தது. படுக்கையிலிருந்து வெயிலைப் பார்த்து எத்தனை வருஷம்! கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். வலியில்லை.

குப்பையை வெளியே வைக்கக் கதவைத் திறந்த அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏம்மா, எப்ப வந்த? இங்கயா உக்காந்திருக்க?"

"ஆறரைக்கே வந்துட்டேன்க்கா," படிக்கட்டிலிருந்து குரல் வந்தது. "எங்க பக்கம் அந்த பஸ்ஸ விட்டா அடுத்தது ஒம்பதுக்குத்தான்."

"கதவைத் தட்டக் கூடாதா?"

"எட்டுக்கு முன்னாடி உள்ள வந்தா ஆபீஸ்ல கேள்வி வரும். அதுவுமில்லாம, தட்டினா அவங்க முழிச்சுப்பாங்களே."

அவள் பலகையை இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"நீங்க... எத்தனை மணிக்கு... எந்திரிச்சீங்க?"

"என் கதை எதுக்கு இப்ப? நீங்க நல்லாத் தூங்கினீங்களா?"

குனிந்து பலகையைப் பொருத்தினாள். ஜன்னல் வெயில் அவள் முகத்தில் விழுந்தது. ஒரு கன்னத்தில், படிக்கட்டுச் சுவரின் சொரசொரப்பு புள்ளி புள்ளியாகப் பதிந்திருந்தது.