நாற்பது கிலோ மாவு

மாவக்கா ஆலயத்தில் சிரித்துவிட்டாள். வாய்க்குள் அடக்கிய சிரிப்பு இல்லை, கூரை அதிர்கிற சிரிப்பு.

பாஸ்டர் அப்போது இயேசு சொன்ன ஓர் உவமையை விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு பெண் கொஞ்சம் புளித்தமாவை எடுத்து மூன்று படி மாவுக்குள் வைத்தாள்; அத்தனையும் பொங்கிற்று; பரலோக ராஜ்யம் அப்படிப்பட்டது. பாஸ்டர் இளைஞர், நிறையப் படித்தவர், பிரசங்கம் மட்டும் காய்ந்த ரஸ்க் மாதிரி இருக்கும். "அந்தக் காலத்து மூணு படின்னா இன்னைக்கு ஏறக்குறைய நாப்பது கிலோ" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுத் தாளைப் புரட்டினார்.

பத்தொன்பது வருஷமாக பேக்கரியில் மாவு பிசைகிறவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அதே பேக்கரியில் அடுப்பைப் பார்க்கும் அவள் கணவர் பக்கத்திலிருந்து கிள்ளினார். "மானத்தை வாங்காதடி!"

"என்னக்கா, தப்பா சொல்லிட்டேனா?" என்றார் பாஸ்டர்.

முகம் சிவக்க எழுந்தாள். "தப்பில்ல பாஸ்டர். நாப்பது கிலோவைக் கையால பிசைஞ்சா தோள்பட்டை கழண்டுடும். நூத்தம்பது ரொட்டி வரும்! அந்தம்மா வீட்டுக்கு நாலு ரொட்டி சுடுறான்னுதான் இத்தனை நாளா நினைச்சேன். அவ ஊரையே சாப்பிடக் கூப்பிட்டிருக்கா!"

சபை கொல்லென்று சிரித்தது. பாஸ்டர் தாள்களை மடித்து வைத்தார். "ஏழு வருஷம் படிச்சேன்க்கா. எடை தெரிஞ்சுது, ரொட்டி தெரியல. எனக்குப் பிசைஞ்சு காட்டுவீங்களா?"

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் பேக்கரி அடுப்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார் முதலாளியம்மா. நாற்பது கிலோ மாவும் அவர் உபயம். மாவு பிசையும் மிஷினை யாரும் தொடக் கூடாது என்றுவிட்டாள் மாவக்கா. நீள மேஜையில் மாவைக் குவித்து, குழி பறித்து, தண்ணீரும் ஒரு சட்டிப் புளித்தமாவும் ஊற்றினாள். பாஸ்டரும் சபையார் ஆறு பேரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள். பத்தே நிமிஷத்தில் பாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. மூக்குக்கண்ணாடி முழுக்க மாவு.

"குத்தாதீங்க பாஸ்டர், அது என்ன பாவம் பண்ணுச்சு? தள்ளி மடிங்க."

பிசைந்து முடித்து ஈரத்துணியால் மூடினார்கள்.

"இப்ப என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. அதான் கஷ்டம்."

பாஸ்டர் நிமிஷத்துக்கு ஒருமுறை துணியைத் தூக்கிப் பார்த்தார். மாவக்கா பட்டென்று அவர் கையில் ஒன்று போட்டாள். போட்ட பிறகுதான் யார் கை என்பது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாஸ்டரோ விழுந்து விழுந்து சிரித்தார்.

நான்கு மணிக்கு மாவு துணியைத் தானே தூக்கிக்கொண்டு மேஜை விளிம்பில் சரிந்தது. பொழுது சாய்வதற்குள் நூற்று நாற்பத்தெட்டு ரொட்டிகள் தட்டுகளில் ஆவி பறக்க அடுக்கப்பட்டிருந்தன. இருந்தவர்களோ ஒன்பதே பேர்.

"இதையெல்லாம் யாருடி திங்கிறது?" என்ற கணவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஷட்டரை ஏற்றினார். ஆலயத்தில் ஜெபம்கூட முணுமுணுப்பாகச் சொல்கிற மனிதர், தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்தினார்: "சூடா இருக்கு, வாங்க! எல்லாரும் வாங்க!"

பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் வந்தார்கள். ஷிப்ட் முடித்த நர்ஸ்கள் வந்தார்கள். தெருக்கூட்டுகிறவர்கள் கை கழுவிக்கொண்டு வந்தார்கள். நின்ற பஸ்ஸிலிருந்து கண்டக்டரும் இறங்கி வந்தார்.

"யார் வீட்டு விசேஷம்ங்க?"

பாஸ்டர் வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டு மாவக்காவைக் கைகாட்டினார். அவள் ஒரு ரொட்டியைப் பிட்டுக் கண்டக்டரிடம் நீட்டினாள்.

"ஒரு பொம்பளைங்க. கொஞ்சூண்டு புளிச்ச மாவை எடுத்து..."

கூட்டம் மென்றுகொண்டே நெருங்கி வந்தது.

"அப்புறம்?" என்றார் கண்டக்டர்.

அன்று பஸ் ஏழு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. யாரும் குறை சொல்லவில்லை. எல்லார் வாயிலும் ரொட்டி.