மரிவிக் இன்னும் மணமாகாதவள்

1

இந்தக் கதை என் கைப்பட எழுதிய ஒரு கடிதத்திலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் ஸ்டாக்டன் நகரில், எங்கள் பிலிப்பினோ தேவாலயக் கூடத்தில், ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் மக்கள் சார்பில் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதித் தருபவன் நான். குடும்பங்கள் ஒன்றுசேரும்படி குடியேற்றச் சட்டத்தைத் திருத்துங்கள் என்பதே எல்லாக் கடிதங்களின் சாரம். லிகாயா என்பவருக்காக நான் எழுதிய கடிதம் தேர்வாகிவிட்டது. புதன்கிழமை அவையில் வாசிக்கப்போகிறார்கள்.

2

கதையின் முதல் வரைவு: ‘மழை ஓயாத ஒரு மாலையில்…’ (கைவிடப்பட்டது. அன்று நல்ல வெயில்.)

இரண்டாவது: லிகாயா முதியோர் இல்லத்தில் வேலைசெய்பவர், கிரீன் கார்டு உண்டு. மகள் மரிவிக் பிலிப்பைன்ஸில், இலோய்லோவில் இருக்கிறாள். மணமாகாத மகள் என்றுதான் அவளை இங்கே வரவழைக்க மனுச் செய்திருக்கிறார். மணந்தால் மனு செல்லாது. ஆகவே பதினோரு ஆண்டுகளாக மரிவிக் மணக்கவில்லை.

(ரொமெலோடு வாழ்கிறாள். மகனுக்கு ஆறு வயது. எங்களுக்குள் இது வழக்கம்: ஞானஸ்நானம் முதலில், கல்யாணம் விசாவுக்குப் பின்.)

3

செய்தியைச் சொன்னதும் லிகாயாவின் தோழி தெக்லா பான்சித் நூடுல்ஸ் தட்டைக் கீழே வைத்தாள்.

“நம்ம லிகாயா பேரை அங்க படிப்பாங்களா? அன்னிக்காவது தலைய சீவுடி.”

“என் தலைக்கு என்ன? உன்ன மாதிரி சாயம் பூசலைன்னு சொல்றியா?”

கூடம் சிரித்தது. அப்போது மரிவிக் அழைத்தாள். எல்லாரும் வாழ்த்தட்டும் என்று லிகாயா ஸ்பீக்கரில் போட்டார்.

“அம்மா, ரொமெலுக்குக் கப்பல் வேலை கெடச்சிருச்சு. வெள்ளிக்கிழமை ஏறணும். நடுக்கடல்ல ஏதாவது ஆனா பொண்டாட்டிக்குத்தான் நஷ்டஈடாம். எனக்கு ஒண்ணும் கெடையாதாம். செவ்வாக்கிழமை பதிவு பண்ணிக்கவா?”

“பதினோரு வருஷம், மகளே.”

“எனக்கும் எண்ணத் தெரியும்மா. பண்ணிக்கன்னா பண்ணிக்கிறேன், வேணாம்னா விட்டுடறேன். நீங்களே சொல்லுங்க.”

லிகாயா என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, லெட்டர்ல அவளப் பத்தி என்ன எழுதின?”

“இன்னும் கல்யாணம் ஆகலைன்னு.”

4

முடிவு ஒன்று: செவ்வாயன்று மரிவிக் மணக்கிறாள். நான் வரியைத் திருத்துகிறேன்: ‘என் மகள் நேற்று மணந்தாள், உங்கள் சட்டப்படி நேற்றே அவளை இழந்தேன்.’ கடிதம் கூர்மை பெறுகிறது. (எழுதுபவனுக்கு இது பிடித்திருக்கிறது. அதனாலேயே இதை நம்பத் தயங்குகிறேன்.)

முடிவு இரண்டு: மணக்கவில்லை. கடிதத்தைக் கேட்டு அவை எழுந்து நின்று, சட்டத்தை… (அடித்துவிட்டேன். அவையின் மனத்தை எழுதும் உரிமை எனக்கில்லை.) வெள்ளியன்று ரொமெலின் கப்பல் புறப்படுகிறது. அதுமட்டும் உறுதி.

5

கைபேசி மேசைமேல் இருக்கிறது. “அம்மா, கேக்குதா?” என்கிறாள் மரிவிக். லிகாயா என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள், வாசகரே. தேர்ந்ததை என்னிடம் சொல்ல வேண்டாம். அவளிடம் சொல்லுங்கள்.